மூன்று இலக்கம்

வேலந்தாவளம் சோதனைச்சாவடிக்குத் தெற்கே
ஆறாம் வார்டு என் பொறுப்பு.
கிணறு ஒன்றுக்குப் பதினெட்டு ரூபாய்.
ஊறினாலும் அதே கூலி, ஊறாவிட்டாலும்.

தேசத்திடம் எவ்வளவு நீர் இருக்கிறது,
இனிமேல் எவ்வளவு வேண்டியிருக்கும்,
இதுதான் கணக்கு என்றார்கள் பயிற்சியில்.
வடை கொடுத்தார்கள். ஒரு தொப்பியும்.

படிவம் மலையாளத்தில்.
"வெள்ளம் எத்ர வேணம்?" என்று
பொன்னாத்தாக்கா வாசலில் அப்படியே வாசித்துவிட்டேன்.
"வெள்ளமா!" என்று சாணிக் கையோடு சிரித்தாள்.
"அத்தனை எதுக்குங் கண்ணு,
எருமைக்கு நாலு குடம், எங்களுக்கு ரெண்டு."
சாவடிக்கு அந்தப் பக்கம் ஊரையே அடித்துப்போவது
இந்தப் பக்கம் ஒரு டம்ளரில் நிற்கிறது.

சவரிமுத்து தோட்டத்தில் எதுவுமே இல்லையாம்.
"வைக்கோல் போருதாங்க" என்றார்.
வைக்கோல் மெல்ல உறுமிக்கொண்டிருந்தது.
போருக்கு அடியில் போர்.
நான் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.
பதினெட்டு ரூபாய் போனது.

சிக்கந்தர் ராவுத்தர் கிணறு
அறுபத்துநாலு அடி, கல்கட்டு.
எட்டிப் பார்த்தேன்:
கால் உடைந்த நாற்காலி, டயர்,
போன தேர்தலின் ஃப்ளெக்ஸ், முகம் கவிழ்ந்து.
'கைவிடப்பட்டது' என்ற கட்டத்தைத் தொடப்போனேன்.
"அப்படிப் போடாதம்மா" என்றார்.
"நான் எங்கே கைவிட்டேன்?
அதில்ல என்னைக் கைவிட்டுச்சு."
அதற்கு ஒரு கட்டம் இல்லை.

மத்தியானத்துக்கு மேல் வஞ்சியப்பன் தென்னந்தோப்பு.
ஐந்தாவது போர், இந்த மாசியில் போட்டது.
திருச்செங்கோட்டு வண்டி இரண்டு ராத்திரி நின்றிருக்கிறது.
செம்பருத்தி இலைகளில் இன்னும் கல்மாவு,
தட்டினால் தும்மல் வருகிறது.
ஆழம்?
"ஆயிரத்தி நூத்தி நாப்பதுங்க."
ஒன்று, ஒன்று, நான்கு.
பூஜ்யம் விழவில்லை.
மறுபடி அழுத்தினேன்.
கட்டம் மூன்று இலக்கத்தோடு முடிந்துவிடுகிறது.
அதை வரைந்தவருக்கு
ஆயிரம் அடி யாரும் போவார்கள் என்று
தோன்றியிருக்காது.

சூப்பர்வைசர் பிஜேஷை அழைத்தேன்.
"தொள்ளாயிரத்தித் தொண்ணூற்றொன்பது இட்டோளு சேச்சி,
வேற வழியில்லா."
இட்டேன்.
வஞ்சியப்பன் மனக்கணக்கில் கெட்டிக்காரர்.
"அப்ப மிச்சம் நூத்தி நாப்பத்தோரடி?
ஆயிரத்துக்குக் கீழே போனா
அடிக்கு ரேட்டே வேறங்க அம்மிணி."
கொஞ்சம் நிறுத்தி, குரலைத் தாழ்த்திச் சொன்னார்,
யாரோ கேட்டுவிடுவார்கள் என்பதுபோல்:
"தண்ணியே அதுலதானுங்க இருக்குது."

மொபெட்டில் திரும்பும்போது
எதிரே நான்கு டேங்கர்கள்,
எல்லை தாண்டி எந்தக் கல்யாண மண்டபத்துக்கோ.
ஒன்று சிந்திக்கொண்டே போனது.
சாலையில் அந்த ஈரக் கோட்டின் மேலேயே
வீடுவரை ஓட்டிவந்தேன்.

எங்கள் தெருவுக்கு ஒன்பது நாளுக்கு ஒருமுறை குழாய்.
இன்றைக்கு முறை.
ஆறாவது குடம் பாதியில்
செருமிவிட்டு வெறும் காற்றை விட்டது.

கடைசி வீடு என்னுடையது, அதையும் நிரப்ப வேண்டும்.
இரண்டாயிரத்து ஐம்பதில்
இவ்வீட்டின் தினசரித் தேவை, லிட்டரில்.
காலியாக விட்டால் நகராது.
அப்போது எனக்கு எழுபத்தொன்று.
பிள்ளை கோவையிலோ, குவைத்திலோ.
பூஜ்யம் போட்டுப் பார்த்தேன்.
சிவப்பாகி மறுத்தது.
ஒன்று போட்டேன்.

'நன்னி' என்றது.